எங்கே நின்ற மரம்

எங்கள் மரவாடிக்கு வருகிறவர்கள் முதலில் விலை கேட்பார்கள். அடுத்ததாகச் செல்லரிக்குமா என்று கேட்பார்கள். அவர் ஒருவர்தான் உள்ளே வந்ததும், சாய்த்து வைத்திருந்த ஒரு நிலைக்காலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க நின்ன மரம்?" என்று கேட்டார்.

"மலேசியா சால், மேடம்" என்றேன்.

"மலேசியாவுல எங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் கேட்டதும் இல்லை. "ஹார்பர்ல இருந்து வருது" என்று சொல்லி வைத்தேன்.

"ஹார்பர்ல மரம் முளைக்காதுல்ல?" என்றார். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். பதில் கிடைக்காததில் அவர் முகம் நிஜமாகவே வாடியது.

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி என் கணவர் குடும்பத்துக்கு இருக்கும் மரவாடி அது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் ரம்பம். கணவர் பாதி நாள் துறைமுகத்திலும் குடோனிலும் இருப்பார், கல்லாவில் நான். நாள் முழுக்கத் தூசியும் ரம்பத்தின் இரைச்சலும்தான். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் நின்று பேசுவதில்லை, சைகை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் ரம்பம் நிற்கிறவரை ஒரு ஓரமாகக் காத்திருந்து, பிறகு பேசுவார். பேச்செல்லாம் மரத்தைப் பற்றி.

அவர் ஆர்க்கிடெக்ட். ஆவடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை அலுவலகம். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டிய புதிது. சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் எப்போதும் இரண்டு மூன்று மரத்துண்டுகள் கிடக்கும் என்பதால் முழங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு ஓட்டுவார். சிக்னலில் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவரைப் பற்றி என்ன கேட்டாலும், "ஆள விடுங்க, வேலையப் பேசலாம்" என்பதுதான் பதில்.

வேலை என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று. வெயில் நேராக அடிக்கிற சுவருக்கு வெளியே மரப்பலகை பதிக்க வேண்டும், அந்த மரம் பக்கத்து ஊர்களில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் வீட்டு முகப்புக்கு எலிவேஷன் வேலை என்றால் எல்லோரும் மரம் மாதிரி அச்சடித்த அலுமினியத் தகடு கேட்பார்கள். இன்னும் கொஞ்சம் வசதியானவர்கள் வெளிநாட்டுப் பைன் பலகை கேட்பார்கள். இவர் வாகை, பூவரசு, வேம்பு என்பார்.

"சுவருக்குச் சட்டை போடற மாதிரிங்க இது" என்று ஒருநாள் என் கல்லா மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "உடம்போட ஒட்டிப் போடக் கூடாது. சுவருக்கும் பலகைக்கும் நடுவுல காத்து ஓடணும். அப்ப உள்ள சூடு ஏறாது, ஏசி கம்மியா ஓடும். அதுக்குத்தானே மரமே போடறோம்? அந்த மரத்த பாதி உலகம் சுத்திக் கப்பல்ல கொண்டுவந்தா, மிச்சம் பண்ணதெல்லாம் கடல்லயே போச்சு."

சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் உட்கார்ந்திருந்த கடையில் முக்கால்வாசி மரம் கப்பலில் வந்தது. அதை அவர் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. எதிரில் இருப்பவர் யார், அவர்களுக்கு எது வலிக்கும் என்பது அவர் கணக்கில் வராது. மரம் மட்டும்தான் வரும்.

பூந்தமல்லியில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவரையும் அழைத்தேன். புது வீடு பார்க்கப் பிடிக்குமே என்று நினைத்தேன். வந்தார். வாசலில் லட்சுமி செதுக்கிய பெரிய கதவு. பர்மா தேக்கு என்று அதை வாங்கின கதையை நாத்தனாரின் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கதவருகே நின்று விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். குனிந்து கீழ் விளிம்பைப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்காங்க. ஆனா இது பர்மா தேக்கு இல்லீங்களே. ஆப்பிரிக்கா மரம்."

அந்த அம்மா என்னைப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா வாசக்கால்ல நின்னுகினு இன்னா பேச்சு இது?" என்றார்.

பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை போட்டிருந்தார்கள், யாரும் உட்காரவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த நான் கரண்டியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நிதானமாக எல்லாவற்றையும் சாப்பிட்டார். கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். "தப்பா எதாவது சொல்லிட்டேனா? ஆப்பிரிக்கா மரமும் உறுதியான மரந்தாங்க. கேவலமா ஒண்ணும் சொல்லலையே?"

அவர் மரத்தின் மரியாதையைப் பற்றித்தான் கவலைப்பட்டார். வண்டியில் திரும்பும்போது என் கணவர் சிரித்தார். "அவங்க சொன்னது சரிதான். எனக்கே பார்த்ததும் தெரிஞ்சிது. அதுக்காக அங்கயா சொல்லுவாங்க?"

அண்ணனூரில் அவர் குடியிருந்த ஃபிளாட்டுக்கு ஒரு முறை போயிருக்கிறேன். அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கம் ரயில் பணிமனை. காலி ரயில்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. அந்தச் சத்தத்துக்கு ஜன்னல் கம்பி லேசாக அதிரும். ஜன்னல் விளிம்பு நெடுக மரத்துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. வெள்ளவேடு, திருநின்றவூர், நேமம். அறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டிலுமே மரத்துண்டுகள் அடுக்கியிருந்ததால், நான் உட்கார அவர் ஒன்றைக் காலி செய்ய வேண்டியிருந்தது. துண்டுகளை அள்ளித் தரையில் வைத்துவிட்டுத் துணியால் இருக்கையைத் துடைத்தார். பின் அந்தத் துணியை உதறி, மறுபடி துடைத்தார்.

"யாரும் வர்றதில்ல, அதான்" என்றார்.

அன்று காய்ச்சல் மயக்கத்தில் கொஞ்சம் தன்னைப் பற்றிப் பேசினார். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், அம்மா நாகர்கோவில் பக்கம். அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை உத்தியோகம். இவரும் தம்பியும் பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். "எல்லா வீட்டுலயும் லீவுக்கு ஊருக்குப் போவாங்க. எங்க வீட்ல அப்பா ஊருக்கா அம்மா ஊருக்கான்னு சண்டை வந்து, கடைசில எங்கயும் போக மாட்டோம்." அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். அப்பா இறந்துபோனார். தம்பி கனடாவுக்குப் போய் அம்மாவையும் அழைத்துக்கொண்டான். "எந்த ஊருன்னு யாராவது கேட்டா எனக்கு இன்னும் பதில் தெரியாது" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தார். அவ்வளவுதான். காய்ச்சல் விட்டதும் மறுபடி மரம்.

கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பதி அவரிடம் வந்தார்கள். இருவரும் ஐடி வேலை. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத வீடு வேண்டும் என்று அவர்களாகவே கேட்டார்கள். மேற்குச் சுவருக்கு வெளிநாட்டிலிருந்து சான்றிதழோடு வரும் பலகை போடலாம் என்பது அவர்கள் எண்ணம். இவர் மூன்று நான்கு முறை உட்கார்ந்து பேசி அதை மாற்றினார். அவர்களைப் பேசி மடக்கிய அன்று கடைக்கு வந்தவர் உட்காரவே இல்லை. கல்லாவுக்கும் ரம்பத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

திருமழிசைக்கு அப்பால் ஒரு வயலை மனை போட்டு விற்கச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். வரப்பில் நின்ற வாகையும் பூவரசும் செங்கல் சூளைக்கு விறகாகப் போக இருந்தன. "எப்படியும் விழப்போற மரம். நெருப்புக்குப் போறதுக்குச் சுவருக்குப் போகட்டும்" என்று பேசி வாங்கி, லாரியில் ஏற்றி எங்கள் வாடியில் கொண்டுவந்து இறக்கினார்.

எங்கள் ரம்பம் ஓட்டுகிறவருக்கு ஆரம்பம் முதலே இது பிடிக்கவில்லை. வியாசர்பாடிக்காரர், ஐம்பது வயசுக்கு மேல். மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"இன்னா மேடம் இது? வாகை வளைஞ்சிக்கினு பூடும். வேம்பு வெடிக்கும். பைன் போட்டமா, பாலீஷ் அடிச்சமான்னு இல்லாம."

"காயாம போட்டா வளையும்ணா. நல்லா காய வெச்சுப் போடலாம்."

"காய வெச்சி? இது இன்னா அப்பளமா?"

இருந்தாலும் அறுத்தார். இரண்டாவது மரத்திலேயே ரம்பம் பட்டென்று அறுந்தது. மரத்துக்குள் ஆணி. வரப்பில் ரோட்டை ஒட்டி நின்ற பூவரசு அது. வருஷக்கணக்காக விளம்பரத் தட்டிகளை அடித்த ஆணிகளை மரம் மூடி விழுங்கியிருந்தது. ரம்பம் ஓட்டுகிறவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "மரமா இது, ஆணிக்கடையா? அறுந்த பிளேடு மூஞ்சில அடிச்சிருந்தா என் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் கணவரும் கோபப்பட்டார். இவர் மறுநாள் எங்கேயோ போய், ஆணியைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். வெயிலில் உட்கார்ந்து மரம் மரமாகத் தடவிப் பார்த்து, சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு, உளியால் ஒவ்வோர் ஆணியாகத் தோண்டி எடுத்தார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ரம்பம் ஓட்டுகிறவர் இரண்டு நாள் பார்க்காதது மாதிரி இருந்தார். மூன்றாம் நாள் இன்னொரு உளியை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

அறுத்த பலகைகளில் வெளுத்த பாகத்தைக் கழித்துவிட்டு வைரம் பாய்ந்ததை மட்டும் எடுத்தார். வண்டு துளைக்காமல் இருக்க மருந்தில் ஊறவைத்தார். பிறகு பலகைக்கும் பலகைக்கும் நடுவே சன்னமான ரீப்பர் கட்டைகளைக் கொடுத்துக் கொட்டகைக்குள் அடுக்கினார். கோடை முழுக்க அவை காய்ந்தன. அடிக்கடி வந்து மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றுவார். பலகையைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார். "இன்னும் ஈரம் பேசுது" என்பார். நான் டீ வாங்கிக் கொடுப்பேன். கொட்டகையின் நிழலில் நின்று இருவரும் குடிப்போம். அவர் பலகைகளைப் பார்ப்பார், நான் ரோட்டைப் பார்ப்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாடியில் என்னோடு நின்று டீ குடித்த ஒரே ஆள் அவர்தான்.

கோவில்பதாகைத் தம்பதிக்குக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் காயவில்லை, மழைக்கு முன்னால் போட்டுவிடலாம் என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரியவர்கள் வருவார்கள், சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று தவித்தார்கள். ஒரு வாரத்தில் வேறு ஆளை வைத்து, மரம் மாதிரி அச்சடித்த அலுமினியத் தகட்டை ஒட்டிவிட்டார்கள். செய்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

அதைச் சொல்ல அவர் வாடிக்கு வந்தார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கட்டும் என்று காத்திருக்கவில்லை. என் காதருகே குனிந்து, "அவங்க வேற போட்டுட்டாங்க" என்றார். பிறகு கொட்டகைக்குப் போய் அன்றைக்கு மாற்ற வேண்டிய பலகைகளை மாற்றி அடுக்க ஆரம்பித்தார். நான் டீயோடு போனபோது முதுகைத் திருப்பிக்கொண்டு அடுக்கிக்கொண்டே இருந்தார். டீயை ஒரு கட்டையின்மேல் வைத்துவிட்டு மறுபக்கம் போய் நின்று, பலகையின் இன்னொரு முனையைப் பிடித்தேன்.

பலகைகள் எங்கள் வாடியிலேயே கிடந்தன. இடம் அடைக்கிறது என்று கணவர் முணுமுணுத்தார், ஆனால் வெளியே போடச் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் திருமழிசையிலிருந்து ஒரு அம்மா கட்டிலுக்குப் பிளைவுட் வாங்க வந்தார். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு ஹாஸ்டல் நடத்துகிறவர். புருஷன் கட்டிவிட்டுப் போன மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் மேற்குப் பக்கத்து அறைகளில் எவளும் தங்க மாட்டேன் என்கிறாள் என்று புலம்பினார். "சுவத்துல கைய வெச்சா தோசைக்கல்லு மாதிரி கீது. அல்லாம் பாயத் தூக்கிக்கினு வராண்டாவுல வந்து பட்துக்குதுங்க."

நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தேன்.

அந்த அம்மா பலகைகளைப் பார்த்தார், சுவருக்குச் சட்டைக் கதையைக் கேட்டார். நம்பவும் இல்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "போட்டுக்கோம்மா. ஆனா நாளைக்குச் செல்லரிச்சிது, பூரான் வந்திச்சின்னு பொண்ணுங்க என் உசுர வாங்கும். நீயே வந்து அந்த ரூம்ல தங்கு. இன்னா ஒண்ணு ஆனாலும் பதில் சொல்ல ஆளு வோணும்."

விளையாட்டுக்குச் சொன்னது என்றுதான் நான் நினைத்தேன். இவர் உடனே, "சரிம்மா" என்றார். அந்த மாதமே அண்ணனூர் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு மேல் மாடி மேற்கு மூலை அறைக்குக் குடிபோனார்.

வேலை முடிய நாள் பிடித்தது. சாரத்தில் தச்சர்களோடு அவரும் நின்றார். மேல் பலகை கீழ்ப் பலகையின் தலையைக் கொஞ்சம் மூடுகிற மாதிரி, தண்ணீர் வழிந்து ஓடுகிற மாதிரி அடித்தார்கள். செல் ஏறாமல் இருக்கத் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேலேதான் முதல் வரிசை. வார்னிஷ் அடிக்கவில்லை. முடிந்ததும் பார்க்கப் போனேன். வாகையின் கருஞ்சிவப்பும் பூவரசின் பழுப்பும் கலந்து, சாயங்கால வெயிலில் அந்த மூன்று மாடிச் சுவர் அவ்வளவு அழகாக இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அழகு ரொம்ப நாள் இருக்கவில்லை. வெயிலில் நிறம் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாயிற்று. "இன்னாம்மா, சுடுகாட்டுக் கொட்டா மாதிரி ஆய்டுச்சே, பெயின்ட் அடிக்கலாமா?" என்று ஹாஸ்டல் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் விடவில்லை. "நரைக்குதும்மா. நரைச்சா உறுதி போயிடாது. எனக்கு நரைக்கல?" என்று தன் தலையைக் காட்டுவார்.

ஹாஸ்டலில் இருந்தவர்கள் எல்லோரும் இருபது வயசுப் பெண்கள். இவரை "மரம் ஆன்ட்டி" என்றார்கள். சிலர் வார்டன் என்று நினைத்து ஃபோனை மறைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போயிருந்தபோது, சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேஜையின் ஒரு முனையில் பத்துப் பெண்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறு முனையில் இவர். நடுவில் மேஜை நீளத்துக்கு வெறும் தட்டுகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். யாரோ பெரிய விருந்தாளி வந்ததுபோல.

மழைக்காலத்தின் முதல் பெரிய மழையன்று காலை ஃபோன் செய்து, "உடனே வர முடியுமா?" என்றார். ஏதோ விபரீதம் என்று ஆட்டோ பிடித்து ஓடினேன். கொட்டுகிற மழையில், கணுக்கால் தண்ணீரில், குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேற்குச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். மாடியிலிருந்து பெண்கள் அவரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கீழ் வரிசைப் பலகையின் பின்னால் நுழைத்தார்.

"ஈரம் இருக்கா? சொல்லுங்க, இருக்கா?"

என் விரல்களுக்குக் காய்ந்த சுவர்தான் பட்டது. மழை பலகைமேல் வழிந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. இல்லை மேடம் என்றேன். அவர் முகத்தில் வழிந்ததில் எது மழை என்று தெரியவில்லை. இதைக் காட்ட அவருக்கு உலகத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நனைந்துகொண்டே இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம்.

அடுத்த கோடையை அந்தச் சுவர் தாங்கியது. வராண்டாவில் பாய் போடுவது நின்றது. ஆனால் அதைப் பார்த்து வேறு யாரும் அவரைத் தேடி வரவில்லை. ஓரிருவர் வந்து விசாரித்தார்கள். காய வைக்கக் கோடை முழுக்க வேண்டும் என்றதும் போய்விட்டார்கள். ஜெராக்ஸ் கடை மாடியை விட்டுவிட்டார். வரைபட வேலை ஏதோ செய்து சமாளித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தம்பியிடமிருந்து ஃபோன் வந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவர் யோசிக்கவே இல்லை. "எனக்கு இங்க என்ன இருக்கு?" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோதும் எதிரில் நிற்பது யார் என்று அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் வாடிக்கு வந்தார். ரம்பம் ஓட்டுகிறவர் வெளியே வந்து, "போய்ட்டு வாங்கோ மேடம். அங்க போயி எவன் வாகை அறுப்பான்னு தேடாதீங்கோ" என்றார். இவர் சிரித்தார். என்னிடம், "மழை முடிஞ்சதும் கீழ் வரிசைய மட்டும் ஒரு தடவ பாத்துடுங்க. செல் மண் தெரிஞ்சா தட்டிவிட்டா போதும்" என்றார். வேறென்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டது. கையை ஆட்டிவிட்டுப் போனார்.

வருஷாவருஷம் மழை முடிந்ததும் போகிறேன். மேல் மாடி மேற்கு மூலை அறைக்குத்தான் இப்போது போட்டியாம், காலியாவதற்கு முன்பே சொல்லி வைக்கிறார்கள் என்று ஹாஸ்டல் அம்மா சொல்கிறார். சென்ற முறை போனபோது அந்த அறையில் இருந்த பெண், நான் பலகைகளைக் குனிந்து பார்ப்பதை ஜன்னலிலிருந்து பார்த்து, "எதாவது தொலைச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன்.

இதையெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று, நெடுஞ்சாலை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஃபோன் செய்தேன். இங்கே சாயங்காலம், அங்கே விடிந்து கொஞ்ச நேரம். எப்போதாவது ஒரு வாழ்த்து, ஒரு படம் என்பதற்குமேல் நாங்கள் பேசி நாளாகியிருந்தது. மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மேடம், கீழ் வரிசை நல்லா இருக்கு. செல் இல்ல. ஒரே ஒரு பலகை ஓரத்துல லேசா வெடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"ம்."

"உங்க ரூமுக்கு இப்ப எவ்வளவு போட்டி தெரியுமா?"

"ம்" என்றார் மறுபடி. பிறகு, "இங்க எல்லா வீடும் மரந்தாங்க. பக்கத்துக் காட்டு மரம். வெளிச்சுவர், உள்சுவர், கூரை எல்லாம். யாரும் அதப் பத்திப் பேசறதே இல்ல" என்றார்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பேச்சு போய்விட்டது, கண்ணால் பார்ப்பார், கையைப் பிடித்துக்கொள்வார் என்றார். தம்பியும் அவன் மனைவியும் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. வெளியே பனி பெய்துகொண்டிருக்கிறது, சத்தமே இல்லாமல் பெய்கிறது என்றார். மறுபடி நான் அந்த வெடித்த பலகையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன்.

"மரம் போதும்" என்றார். "வேற எதாவது பேசுங்களேன்."

எங்களுக்குள் மரத்தைத் தவிர வேறு பேச்சு இருந்ததே இல்லை. என் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"இன்னிக்கு என்ன குழம்பு வெச்சே?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் என்னை அவர் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"முருங்கைக்காய் சாம்பார்" என்றேன்.

"எப்படி வெச்சே? மொதல்லேர்ந்து சொல்லு."

பஸ் போன புழுதி அடங்கட்டும் என்று ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றி, காலையில் பருப்பைக் கழுவி வைத்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.